இலையில் கோடு போடும் ஈ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்காளி, பீன்ஸ், வெள்ளரி என்று எதை வளர்த்தாலும் ஒரு நாள் இலைமேல் வெள்ளையாக, நெளிநெளியாக ஒரு கோடு தோன்றும். அதைப் பற்றி என்னிடம் பலர் கேட்டவற்றையும், ஆரம்பத்தில் நானே புரியாமல் திண்டாடியவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். மருந்துப் பட்டியலை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். இந்த ஈயின் வாழ்க்கையும் அது தங்கும் செடிகளும்தான் இதில் பெரும்பகுதி.

இலையில் யாரோ வெள்ளைப் பேனாவால் கிறுக்கியதுபோல் இருக்கிறது. இது நோயா, பூச்சியா?

பூச்சிதான். இலை என்பது மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் பச்சைச் சதை. அந்தச் சதையை மட்டும் ஒரு சின்னப் புழு தின்றுகொண்டே நகர்கிறது. தின்ற இடத்தில் பச்சை போய்விடுகிறது, மேல்தோல் மட்டும் கண்ணாடித் தாள்போல் மிஞ்சுகிறது. உள்ளே காற்று நிரம்புவதால் அது வெள்ளையாகத் தெரிகிறது. அதனால்தான் விரலால் தேய்த்தாலும் தண்ணீரால் கழுவினாலும் கோடு போகாது. அது இலையின் மேல் இல்லை, உள்ளே இருக்கிறது. சாம்பல் நோய் என்றால் தேய்த்தால் மாவு கையில் ஒட்டும். வைரஸ் நோயில் இலை சுருங்கும், மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகும், ஆனால் இப்படி ஒற்றைக் கோடாக ஓடாது.

இதைத்தான் இலைத் துளைப்பான் என்றும் இலைச் சுரங்கப் பூச்சி என்றும் சொல்கிறார்கள். துளைப்பான் என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். இலையில் ஓட்டை எதுவும் விழுவதில்லை. சுரங்கம் என்பதே பொருத்தமான சொல்.

இப்படிக் கோடு போடுவதெல்லாம் ஈ தானா?

இல்லை. இலைக்குள் வாழும் வழக்கம் நான்கு பெரிய பூச்சி வகைகளில் உண்டு: ஈக்கள், அந்துப்பூச்சிகள், வண்டுகள், ரம்ப ஈக்கள். கடைசியாகச் சொன்னது பெயரில்தான் ஈ, உண்மையில் குளவி, தேனீக்களின் உறவு.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தளிரில் வெள்ளி நிறத்தில் ஓடும் கோடு ஓர் அந்துப்பூச்சியின் வேலை. தக்காளி இலையில் கோடாக இல்லாமல் அகலமான கொப்புளம்போல் இருந்தால், தூட்டா அப்சல்யூட்டா என்ற அந்துப்பூச்சியைச் சந்தேகப்பட வேண்டும். அது காயையும் குடையும், ஈயின் புழு காயைத் தொடாது. குழப்பம் இருந்தால் இலையைப் பிரித்துப் புழுவைப் பாருங்கள். அந்துப்பூச்சிப் புழுவுக்குப் பொதுவாகத் தனியாகத் தெரியும் பழுப்புத் தலை இருக்கும், பெரும்பாலும் கால்களும் இருக்கும். ஈயின் புழுவுக்குத் தலையென்று சொல்ல ஒன்றும் இல்லை, காலும் இல்லை; மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் பை, முன்முனையில் கருப்பாக ஒரு கொக்கி. அவ்வளவுதான்.

எந்த ஈ இது? பார்த்தால் அடையாளம் தெரியுமா?

அக்ரோமைசிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தில் சுமார் 3,000 இனங்கள் உண்டு. எல்லாவற்றின் புழுக்களும் செடிக்குள்தான் வாழும். பெரும்பாலானவை இலைக்குள், சில தண்டிலும் விதையிலும். தோட்டக்காரர்களுக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் லிரியோமைசா என்ற பேரினத்தின் மூன்று இனங்கள்: ட்ரைஃபோலி, சட்டைவே, ஹுய்டோபிரென்சிஸ். மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கிளம்பி உலகெங்கும் போனவை.

ஈ மிகவும் சிறியது. நீளம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், அதற்குள் கருப்பும் மஞ்சளும். முதுகு கருப்பு, தலையும் பக்கங்களும் மஞ்சள், முதுகின் பின்முனையிலும் ஒரு மஞ்சள் பொட்டு. ட்ரைஃபோலிக்கு முதுகு மங்கலான சாம்பல் கலந்த கருப்பு. சட்டைவேக்கு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். நல்ல லென்ஸ் இருந்தால் இதை ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். ஆனால் உறுதியாகச் சொல்ல ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும், அல்லது மரபணுப் பரிசோதனை செய்யவேண்டும். படத்தை மட்டும் அனுப்பி இனத்தின் பெயரைக் கேட்பவர்களுக்கு நான் "லிரியோமைசா" என்பதோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

கோடு வருவதற்கு முன்பே இலையில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் வருகின்றனவே?

கவனித்துப் பார்ப்பவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார். அந்தப் புள்ளிகள் பெண் ஈ குத்திய இடங்கள். அதன் வயிற்று நுனியில் முட்டையிடும் ஊசி போன்ற உறுப்பு இருக்கிறது. அதை இலையில் குத்தி, திருப்பி, சிறு குழி செய்கிறது. பிறகு திரும்பி நின்று அந்தக் குழியில் ஊறும் சாற்றை உறிஞ்சுகிறது. முட்டை வைப்பது சில குழிகளில் மட்டும்தான். ட்ரைஃபோலி, சட்டைவே இரண்டிலும் ஏறத்தாழ 15 சதவீதக் குழிகளில்தான் பொரிக்கக்கூடிய முட்டை இருக்கும். மீதி எல்லாம் சாப்பாட்டுக் குழிகள்.

ஆண் ஈக்கு அந்த ஊசி இல்லை, அதனால் இலையைக் குத்த முடியாது. பெண் குத்திவிட்டுப் போன குழியில் போய்க் குடித்துக்கொள்ளும். பூவில் தேன் கிடைத்தால் இரண்டும் குடிக்கும்.

இந்தப் புள்ளிகளை அலட்சியம் செய்யவேண்டாம். நாற்றின் விதையிலையில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் விழுந்தால், கோடே வராவிட்டாலும் அந்த நாற்று தேறுவது கடினம். குத்திய காயங்கள் வழியாகப் பூஞ்சணங்களும் நுழையலாம்.

முட்டை கண்ணுக்குத் தெரியுமா?

தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீளம் கால் மில்லிமீட்டர் அளவு, பாதி ஒளி ஊடுருவும் வெண்மை, அதுவும் இலைத் தோலுக்குக் கீழே புதைந்து இருக்கும். 2 முதல் 5 நாளில் பொரிந்துவிடும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் இடும் முட்டைகள் செடியையும் வெப்பத்தையும் பொறுத்து மாறும்; வசதியான செடியில் சில நூறு வரை போகும்.

புழு உள்ளே இருந்து எப்படித் தின்கிறது? கோடு ஏன் போகப் போகத் தடிமனாகிறது?

புழுவின் வாயில் அரிவாள் மாதிரி வளைந்த கருங்கொக்கிகள் இருக்கின்றன. பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, தலைப்பக்கத்தை வலமும் இடமும் வீசி வீசி முன்னால் இருக்கும் செல்களைக் கிழித்து உறிஞ்சுகிறது. வயலில் அரிவாளால் அரை வட்டமாக வீசி அறுத்தபடி ஒருவர் முன்னேறுவதை மேலிருந்து பார்த்தால் எப்படியோ, அப்படித்தான்.

தின்னும் பருவத்தில் இரண்டு முறை தோல் உரிக்கிறது. ஒவ்வொரு முறையும் உடலும் கொக்கியும் பெரிதாகின்றன, சுரங்கமும் அகலமாகிறது. ஆகவே நூல்போல் மெல்லிய முனைதான் பிறந்த இடம், பட்டையாக இருக்கும் முனை கடைசியாகத் தின்ற இடம். கோட்டின் நடுவே கருப்பாகப் புள்ளியாகவோ இழையாகவோ தெரிவது அதன் எச்சம். ட்ரைஃபோலி, சட்டைவே புழுக்கள் திரும்பித் திரும்பித் தின்பதால் அந்த எச்சம் சுரங்கத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிக் கிடக்கும்.

முதல்முறை லென்ஸ் வைத்து ஒரு கோட்டை முனையிலிருந்து முனைவரை பின்தொடர்ந்தபோது, ஒரு உயிரின் பிறப்பு முதல் வளர்ப்பு வரை ஒரே இலையில் எழுதி வைத்திருப்பதைப் படிப்பதுபோல் இருந்தது. வேறு எந்தப் பூச்சியும் தன் வரலாற்றை இவ்வளவு ஒழுங்காக விட்டுப் போவதில்லை.

இலைக்குள்ளேயே இருப்பதில் அதற்கு என்ன லாபம்?

வெயில் படாது, காயாது, மழை அடித்துக்கொண்டு போகாது. தெளிக்கும் மருந்து பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். செடியின் தோலிலும் முடிகளிலும் இருக்கும் பாதுகாப்பையெல்லாம் தாண்டி நேராகச் சதைக்குள் உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் ஓடிப்போக வழியில்லை. இலை வாடினால் புழுவும் சாகும், குளவி கண்டுபிடித்துவிட்டால் தப்ப முடியாது. இந்தக் குளவிகள் பற்றிப் பின்னால் வரும்.

கோட்டின் வடிவத்தைப் பார்த்து இனத்தைச் சொல்லலாமா?

ஓரளவு, அதுவும் அடக்கத்தோடு. ட்ரைஃபோலியும் சட்டைவேயும் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் அடர்ந்த பச்சைத் திசுவைத் தின்பவை. கோடு இலையின் மேல்பக்கம் நன்றாகத் தெரியும், மனம்போன போக்கில் நெளியும். ஹுய்டோபிரென்சிஸ் பெரும்பாலும் கீழே இருக்கும் பஞ்சுபோன்ற திசுவுக்குள் இறங்கும், நடுநரம்பையும் பக்க நரம்புகளையும் ஒட்டியே போகும். மேலிருந்து பார்த்தால் கோடு அரைகுறையாகத்தான் தெரியும், இலையைத் திருப்பினால் தெளிவாக இருக்கும்.

ஆனால் செடி மாறினால் கோட்டின் உருவமும் மாறும். சின்ன இலையில் இடமில்லாமல் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகிவிடும். ஒரே இலையில் நான்கைந்து புழு இருந்தால் எது யாருடைய பாதை என்றே தெரியாது.

கோடு இருக்கிறது, புழுவைக் காணோம். எங்கே போனது?

வளர்ந்து முடித்து வெளியேறிவிட்டது. முழு வளர்ச்சியில் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பட்டையான முனையில் பிறை வடிவத்தில் ஒரு சின்னக் கீறல் தெரிகிறதா பாருங்கள். அதுதான் வெளியேறும் வாசல். பெரும்பாலும் காலை நேரத்தில் அந்தக் கீறல் வழியாக வந்து மண்ணில் விழும். மேலாக உள்ள மண்ணிலோ உதிர்ந்த சருகிலோ புகுந்து கூட்டுப்புழு ஆகும். சில சமயம் கீழே விழாமல் இலைமேலேயே ஒட்டிக்கொண்டு அரிசி நொய்போல் மஞ்சள்-பழுப்பாகக் கிடக்கும்.

இந்தக் குடும்பத்தில் எல்லாமே மண்ணுக்கு வருவதில்லை. பட்டாணி இலையில் கோடு போடும் குரோமட்டோமையா ஹார்ட்டிகோலா சுரங்கத்தின் கடைசியிலேயே கூடாகிவிடும். மூச்சுக்குழல் நுனிகள் மட்டும் இலைத்தோலைக் குத்திக்கொண்டு வெளியே நீட்டியிருக்கும். ஆகவே கோட்டின் முனையில் சின்ன வீக்கமாகக் கூடு இருந்தால் அது லிரியோமைசா இல்லை என்று சொல்லிவிடலாம்.

முட்டையிலிருந்து ஈ ஆக எத்தனை நாள்?

வெப்பத்தைக் கேளுங்கள், நாளைக் கேட்காதீர்கள் என்பதுதான் சரியான பதில். செலரிச் செடியில் ட்ரைஃபோலியை வளர்த்துப் பார்த்ததில், 35 டிகிரி செல்சியஸில் 12 நாள், 20 டிகிரியில் 26 நாள், 15 டிகிரியில் 54 நாள் ஆனது. கிட்டத்தட்ட நான்கரை மடங்கு வித்தியாசம். வெப்பமான காலத்தில் புழுப் பருவம் 4 முதல் 7 நாளில் முடிந்துவிடும், கூட்டுப் பருவம் ஒன்று இரண்டு வாரம்.

வளர்ந்த ஈ 15 முதல் 30 நாள் வரை இருக்கும். பெண்ணுக்கு ஆயுள் அதிகம். கூட்டிலிருந்து ஆண்கள் முன்னால் வந்துவிடும், பெண்கள் வந்த ஒரு நாளுக்குள் இணைசேர்ந்து, அப்புறம் குத்த ஆரம்பிக்கும். வெப்பமான இடத்தில் ஆண்டு முழுவதும் தலைமுறைமேல் தலைமுறையாக ஓடும். அதனால் ஒரே செடியில் முட்டை, புழு, கூடு, ஈ எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். ஒரு முறை மருந்து அடித்து "முடிந்தது" என்று நினைப்பவர்கள் இரண்டு வாரத்தில் திரும்பி வருவது இதனால்தான்.

எந்தெந்தச் செடிகளில் வரும்?

ட்ரைஃபோலியை எடுத்துக்கொண்டால், இருபதுக்கும் மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் பதிவாகியிருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஆசையோடு தின்பதில்லை.

சூரியகாந்திக் குடும்பம் அதற்கு விருந்து: சாமந்தி, ஜெர்பெரா, ஜினியா, டேலியா, செண்டுமல்லி, சூரியகாந்தி. சாமந்தியை அது எவ்வளவு விரும்புகிறது என்றால், உலகம் முழுக்க அது பரவியதற்கே சாமந்திதான் வாகனம். அடுத்து பயறு வகை: பீன்ஸ், தட்டைப்பயறு, அவரை, பட்டாணி, குதிரைமசால். பூசணிக் குடும்பத்தில் வெள்ளரி, தர்பூசணி, முலாம்பழம், பூசணி, பீர்க்கு எல்லாம் மாட்டும். இங்கே சட்டைவேயும் போட்டிக்கு வரும். தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி உள்ள குடும்பத்தில் தக்காளிதான் முதல் பலி. செலரி, பாலக், பீட்ரூட், வெங்காயம், பருத்தி, வெண்டை, ஆமணக்கு ஆகியவையும் உண்டு. ஆமணக்கின் பெரிய இலையில் ஐம்பது அறுபது கோடுகள் சேர்ந்து கிடப்பதைப் பார்த்தால் வரைபடம்போல் இருக்கும்.

பெயரைப் பார்த்தால் சிரிப்பு வரும். ட்ரைஃபோலி என்றால் தீவனப் பயிரான குளோவர் செடிக்குரியது என்று பொருள். 1880-இல் பெயர் வைத்தபோது அதில்தான் பார்த்தார்கள். சட்டைவே 1938-இல் அர்ஜென்டினாவில் குதிரைமசாலில் கிடைத்ததால் அந்தப் பெயர். இரண்டும் ஊரெல்லாம் சாப்பிடுபவை, பெயரில் மட்டும் ஒரே செடி.

ஒரே ஈ இத்தனை செடிகளைத் தின்பது வழக்கமா?

வழக்கமே இல்லை. இந்தக் குடும்பத்தின் மிகப் பெரும்பாலான இனங்கள் ஒரு செடி, அல்லது நெருங்கிய உறவுள்ள சில செடிகள் என்று இருப்பவை. ஃபைட்டோமைசா இலிசிஸ் என்ற ஈ ஐரோப்பாவின் ஹாலி மரத்தோடு நின்றுவிடும். ஃபைட்டோமைசா ஜிம்னோஸ்டோமா வெங்காயம், பூண்டு, லீக் வகையைத் தாண்டாது. உறவே இல்லாத பல குடும்பங்களைத் தின்னக்கூடிய ஈக்கள் மொத்தக் குடும்பத்திலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. துரதிர்ஷ்டமாக, நம் தோட்டத்துக்கு வருவது அந்தச் சில இனங்கள்தான்.

காரணம் ஓரளவு புரிகிறது. ஒவ்வொரு செடியும் தன் இலையில் வெவ்வேறு நச்சுகளை வைத்திருக்கிறது. ஒரு செடியின் நச்சைச் சமாளிக்கப் பழகிய பூச்சிக்கு மற்றொன்று எளிதில் ஒத்துவராது. பலவற்றைத் தின்னும் ஈயும் எல்லாவற்றிலும் சமமாக வளர்வதில்லை. 20 டிகிரியில் ட்ரைஃபோலிக்குச் சாமந்தியில் 24 நாள் ஆகும், பீன்ஸிலும் தட்டைப்பயறிலும் 20 நாளே போதும். இலையில் சுரப்பிமுடி அடர்ந்திருந்தால் ஈ உட்காரவே சிரமப்படும். தழைச்சத்து மிகுந்த இலையில் புழு நன்றாகக் கொழுக்கும். யூரியாவை அள்ளிப் போட்டுக் கரும்பச்சையாக நிற்கும் செடிதான் அதிகக் கோடு வாங்குகிறது என்று புலம்புபவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது.

பக்கத்து மிளகாயில் வரவில்லை, தக்காளியில் மட்டும் வருகிறது. வேறு இடத்தில் மிளகாயிலும் வருகிறதாமே?

இது எனக்குப் பிடித்த கேள்வி. குடைமிளகாய், மிளகாய் இரண்டையும் ட்ரைஃபோலியின் பல கூட்டங்கள் சீண்டுவதில்லை. ஆனால் கலிபோர்னியாவில் குடைமிளகாயை விரும்பித் தின்னும் ஒரு கூட்டம் இருந்தது. மரபணுவைப் பார்த்தபோது அது மற்ற ட்ரைஃபோலியிலிருந்து தெளிவாகப் பிரிந்து நின்றது. தனி இனமாகவே இருக்கலாம், வெளித்தோற்றத்தில்தான் வித்தியாசம் இல்லை. ஹுய்டோபிரென்சிஸ் கதையும் இதேதான். ஒரே இனம் என்று நினைத்திருந்ததில் வட அமெரிக்காவில் இருப்பது லேங்கை என்ற வேறு இனம் என்று பிறகு தெரிந்தது.

ஆகவே உணவுச் செடிகளின் நீண்ட பட்டியலைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் இருக்கும் எல்லாச் செடியையும் உங்கள் தோட்டத்து ஈ தின்னும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

களைகளிலும் இருக்குமா? களையெல்லாம் பிடுங்கிவிடலாமா?

இருக்கும். மணத்தக்காளி, கீரை வகைக் களைகள், சூரியகாந்திக் குடும்பத்துக் களைகள் எல்லாவற்றிலும் தங்கும். பயிர் இல்லாத நாளில் அதுதான் அதன் வீடு. ஆனால் அதே களையில் ஈயைத் தின்னும் குளவிகளும் வளர்கின்றன. நடவுக்கு முன் நாற்றங்காலைச் சுற்றிச் சுத்தம் செய்வது நல்லது. பயிர் வளர்ந்த பிறகு வரப்பில் உள்ள பூச்செடிகளையெல்லாம் மொட்டையடிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

எவ்வளவு நஷ்டம்?

எதை விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இலையையே விற்கும் பாலக், செலரியில் ஒரு கோடு இருந்தாலும் வாங்குபவர் முகம் சுளிப்பார். பூச்செண்டுக்குப் போகும் சாமந்தியும் அப்படித்தான். காய்க்காக வளர்க்கும் வளர்ந்த தக்காளியோ பூசணியோ அடியிலைகளில் நிறையக் கோடு வாங்கியும் காய்ப்பைக் குறைக்காமல் சமாளிக்கும். நாற்றுப் பருவம் மட்டும் விதிவிலக்கு. இலைகள் அதிகம் கொட்டினால் காய்கள் வெயிலில் வெந்துபோவதும் உண்டு.

மருந்து அடித்த பிறகு இன்னும் அதிகமானது. ஏன்?

இரண்டு காரணம். முதலாவது, புழு இலைக்குள் பத்திரமாக இருக்க, வெளியே நடமாடும் குளவிகள் செத்துப்போகின்றன. குளவி இல்லாத தோட்டத்தில் அடுத்த தலைமுறை ஈக்கு எதிரியே இல்லை. பல இடங்களில் இந்த ஈ பெரிய பூச்சியாக எழுந்ததே வேறு பூச்சிக்கு அடித்த மருந்துகளால்தான்.

இரண்டாவது, எதிர்ப்புத் திறன். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ட்ரைஃபோலிக்கு எதிராகப் புதிதாக வந்த மருந்துகள் பொதுவாக 2 முதல் 4 ஆண்டுகள்தான் வேலை செய்தன. குறுகிய வாழ்க்கைச் சுழற்சி, ஏராளமான முட்டை, அடிக்கடி தெளிப்பு: தாங்கும் ஈக்களைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 1970களில் ஃப்ளோரிடாவிலும் கலிபோர்னியாவிலும் சட்டைவே இருந்த இடங்களை ட்ரைஃபோலி பிடித்துக்கொண்டதற்கும், அது மருந்தை அதிகம் தாங்கியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

இலைத் தோலைத் தாண்டி உள்ளே இறங்கும் மருந்துகள் உண்டு: அபாமெக்டின், ஸ்பினோசாட், சைரோமசின். சைரோமசின் புழுவைத் தோல் உரிக்கவிடாமல் செய்வது. உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும், அந்தப் பயிருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் மாற்றிப் பயன்படுத்தவேண்டும்.

எந்தக் குளவி? கடிக்குமா?

நம்மைக் கடிக்காது. பெரும்பாலானவை ஈயைவிடப் பெரியவை இல்லை. டிக்ளிபஸ் ஐசேயா உலோகப் பச்சையில் மின்னும். இலைமேல் நடந்தபடி உணர்கொம்பால் தட்டித் தட்டிப் புழுவைத் தேடும். கிடைத்ததும் இலைத்தோல் வழியாகவே கொட்டி மயக்கி, பக்கத்தில் முட்டை வைக்கும். குளவிப் புழு ஈப்புழுவை வெளியிலிருந்து தின்னும். அது கூடாகும் முன் செய்யும் காரியம் அபாரம்: தன் எச்சத்தால் சிறு தூண்களை நிறுத்தி, சுரங்கத்தின் கூரை இடிந்து விழாமல் முட்டுக்கொடுக்கும். வெளிச்சத்துக்கு எதிராக இலையைப் பிடித்தால் அந்தத் தூண்கள் கரும்புள்ளி வரிசையாகத் தெரியும். முட்டை வைக்காமல் வெறுமனே சாற்றைக் குடிப்பதற்காகவும் தாய்க்குளவி பல புழுக்களைக் கொல்லும்.

டக்னுசா சைபிரிகா வேறு ரகம். அது முட்டையைப் புழுவின் உடலுக்குள்ளேயே வைத்துவிடும். புழு ஒன்றும் நடக்காததுபோல் தின்று, மண்ணில் விழுந்து, கூடாகும். கூட்டைத் திறந்துகொண்டு வெளியே வருவது ஈ இல்லை, குளவி. டக்னுசாவுக்குக் குளிர்ச்சி ஒத்துவரும், டிக்ளிபஸுக்கு வெப்பம். கண்ணாடிக் கூடங்களில் இரண்டையும் வாங்கி விடுவது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது.

கோட்டுக்குள் புழு உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மருந்தைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள். கோடு உள்ள பத்து இலையை எடுத்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். பட்டையான முனையில் பளிச்சென்று மஞ்சளாக ஒன்று அசைந்தால் உயிருள்ள புழு. பழுப்பாகச் சுருங்கியிருந்தால் செத்தது. பக்கத்தில் இன்னொரு சின்னப் புழுவோ கருப்புக் கூடோ இருந்தால் குளவியின் வேலை. பிறைக் கீறலோடு காலியாக இருந்தால் வெளியேறிவிட்டது. பத்தில் பாதிக்குமேல் செத்ததும் குளவி தொட்டதுமாக இருந்தால், நானாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன்.

கோடு விழுந்த இலையைக் கிள்ளிப் போட்டால் போதுமா?

கொஞ்சம் செடிகள் என்றால் நல்ல வழி, புழு உள்ளே இருக்கும்போது செய்தால். காலியான கோடு உள்ள இலையைக் கிள்ளுவது கண் திருப்திக்குத்தான். இலையின் மீதிப் பச்சை செடிக்கு உழைத்துக்கொண்டிருக்கும். கிள்ளியதை அடியிலேயே போட்டால் புழு அங்கேயே கூடாகிவிடும், ஆகவே அப்புறப்படுத்துங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி ஈ எவ்வளவு வருகிறது என்று அறிய உதவும். அதை மட்டும் வைத்து அழித்துவிடலாம் என்ற நம்பிக்கை வேண்டாம், குளவிகளும் அதில் ஒட்டிச் சாகும்.

இவ்வளவு சின்ன ஈ கண்டம் விட்டுக் கண்டம் எப்படிப் போனது?

பறந்து அல்ல. அது தொலைதூரம் பறக்கக்கூடியது இல்லை. 1970களின் பிற்பகுதியில் ஃப்ளோரிடாவிலிருந்து சாமந்திக் கிளைத் துண்டுகள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. வெளியே பார்த்தால் சுத்தமான இலை, உள்ளே முட்டை. முட்டை கண்ணுக்குத் தெரியாது என்று முன்பே சொன்னேன் இல்லையா, அதன் விலை இதுதான்.

இதற்கு வைத்திருக்கும் மாற்று சாமர்த்தியமானது. புதிதாக இட்ட முட்டை 0 டிகிரிக் குளிரிலும் மூன்று வாரம் வரை பிழைக்கும். புழுக்களோ அதே குளிரில் ஒன்று இரண்டு வாரத்தில் செத்துவிடும். ஆகவே துண்டுகளை வெட்டியதும் குளிர் அறையில் வைக்காமல், மூன்று நான்கு நாள் சாதாரண வெப்பத்தில் வைத்து முட்டையெல்லாம் பொரிய விடுகிறார்கள். பிறகுதான் 0 டிகிரியில் ஒன்று இரண்டு வாரம். வெட்டியதும் நேராகக் குளிரில் வைத்தால் முட்டை பத்திரமாகப் பயணம் போய்ச் சேரும்.

கோடு விழுந்த கீரையைச் சாப்பிடலாமா?

கழுவிச் சாப்பிடலாம். இந்த ஈயும் புழுவும் மனிதருக்கு எதுவும் செய்யாது. சமீபத்தில் மருந்து அடித்திருந்தால் மட்டும் காத்திருக்கவேண்டிய நாள் முடிந்ததா என்று பாருங்கள்.

இது புதிதாக வந்த பூச்சியா?

உங்கள் தோட்டத்துக்குப் புதிதாக இருக்கலாம். குடும்பம் மிகப் பழையது. அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த பிளாட்டனஸ் மரத்தின் புதைபடிவ இலைகளில் அக்ரோமைசிடே ஈக்களின் சுரங்கக் கோடுகள் இருக்கின்றன. வயது ஏறத்தாழ 6.4 கோடி ஆண்டுகள். அதாவது டைனோசர்கள் அழிந்து அதிக காலம் ஆகவில்லை. ஈயின் இறகோ காலோ அங்கே கிடைக்கவில்லை, இலைமேல் அந்தக் கோடு மட்டும்.